ஓட்டோகுரொஸ்: அன்றாட மோட்டார் வண்டியைப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்தல்

விசை, உராய்வு, சடத்துவம் என்னுஞ் சொற்கள் பௌதிகவியற் பாடநூலிற் பிறந்து பரீட்சை மண்டபத்தில் இறந்துபோவன அல்ல. நாள்தோறும் நாம் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டி ஒவ்வொரு வளைவிலும் அவற்றின் பொருளை நமக்கு உணர்த்துகின்றது. மெல்லச் செல்லுங்கால் அப்பாடம் நம் செவியில் விழுவதில்லை. விரைந்து செல்லுங்கால் விழுகின்றது. ஆயின் அதனைக் கேட்கத் தகுந்த இடம் பொதுத் தெரு அன்று. தன் வண்டியின் எல்லை எதுவெனப் பொதுத் தெருவிலே அறிய முற்பட்டு, தம்முயிரையும் வழியே போனார் உயிரையும் இழப்பித்த இளைஞர் எந்நாட்டிலும் உளர். அவ்வெல்லையை எவருக்குந் தீங்கின்றி அறிதற்கு வாய்த்த விளையாட்டே ஓட்டோகுரொஸ் என்பது. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியிருந்து முன்சில்லு இழுக்கும் வண்டிகளிலே வேலைக்குச் சென்று வருகின்றனர். அவர்க்கும், பௌதிகவியல் கற்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமாறு இக்கட்டுரையை வரைகின்றோம்.

போட்டியின் இயல்பு

அகன்ற வாகனத் தரிப்பிடத்திலோ, பயன்படாது கிடக்கும் விமானத் தளத்திலோ செம்மஞ்சள் நிறக் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து செல்லும் பாதையொன்றை அமைப்பர். ஒரு வேளையில் ஒரு வண்டியே ஓடும். ஆதலின் வண்டியோடு வண்டி மோதும் அச்சம் இல்லை. போட்டி நேரத்தோடே நிகழ்வது. அமெரிக்க விளையாட்டுக் கார்க் கழகம் 1944 ஆம் ஆண்டிலே தோன்றியது. அக்கழகம் இவ்விளையாட்டைச் சோலோ என்னும் பெயரால் நடத்துகின்றது. அதன் தேசியப் போட்டி 1973 இல் தொடங்கியது. அங்கு ஒரு கூம்பை வீழ்த்தினால் 2 வினாடி தண்டமாகக் கூட்டப்படும். வாயிலொன்றைத் தவறவிட்டால் அவ்வோட்டங் கணக்கில் வாராது. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிட அளவினது. வேகம் நெடுஞ்சாலை வேகத்தை மிஞ்சுவது அரிது. பெரும்பகுதி இரண்டாங் கியரிலேயே முடிந்துவிடும். தலைக்கவசம் இன்றியமையாதது.

பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடும். கனடாவில் இதனை ஓட்டோசிலாலம் என்பர். பிரித்தானியாவில் ஓட்டோகுரொஸ் என்றால் புல்வெளியிலும் மண்தரையிலும் நிகழும் ஓட்டத்தையே குறிக்கும். தார்த்தரையிற் கூம்புகளிடையே நிகழ்வது ஓட்டோசோலோ எனப்படும். நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டமும் ஒவ்வொருவராக நேரத்தோடு போட்டியிடுவதே யாயினும், அங்கே சாலையோரத்து மரமும் மதிலும் பிழையை மன்னிப்பதில்லை. கூம்போ மன்னிக்கும். கற்பார்க்கு இது ஏற்றதாதற்குக் காரணம் அதுவே.

பிறிதொரு சிறப்பும் உண்டு. தன் முறை ஓடி முடிந்தவர் வீட்டுக்குப் போய்விடுதல் வழக்கமன்று. வெயிலில் நின்று பிறர் வீழ்த்திய கூம்புகளை நிமிர்த்தி வைத்தல் அவர் கடன். வைத்தியரும் மாணவரும் இயந்திர வேலையாளரும் அவ்விடத்தில் ஒரு நிரையில் நிற்பர்.

முன்சில்லு வண்டியின் குணம்

முன்சில்லுகளால் இழுக்கப்படும் வண்டியைப் பெருந்தொகையாகச் செய்து காட்டியோருள் பிரான்சின் சித்ரோவன் நிறுவனத்தார் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் திராக்சியோன் அவான் வண்டி 1934 இல் வெளிவந்தது. 1959 ஆம் ஆண்டு ஓகஸ்து மாதம் வெளிவந்த மினி வண்டியிலோ சேர் அலெக் இசிகோனிஸ் 848 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் குறுக்காக வைத்து, 10 அங்குலச் சில்லுகளை மூலைகளிலே பொருத்தி, சிறு வண்டியில் நால்வர்க்கு இடஞ் செய்தார். அச்சிறு வண்டியின் கூப்பர் எஸ் வகை 1964, 1965, 1967 ஆகிய மூன்றாண்டுகளிலும் மொன்ரே காலோ ஓட்டத்தில் முதலிடம் பெற்றது. முன்சில்லு வண்டி பந்தயத்திற்கு ஆகாது என்பார்க்கு அதுவே விடையாயிற்று.

எனினும் இவ்வமைப்பிற்குக் குறையொன்று உண்டு. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னே இருத்தலின் வண்டியின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு முன்சில்லுகளின்மேலே நிற்கின்றது. அச்சில்லுகளே வண்டியைத் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கைச் செய்யவும் வேண்டும். ஒரு வீட்டில் ஒருவனே உழைக்க, மற்றவர் துணை போவது போன்ற நிலை இது. உழைப்பவன் களைத்தவுடன் வண்டி திருப்பிய பக்கம் திரும்பாது நேரே வழுவிச் செல்லும். இதனை முன்புற வழுவல் என்க. முன்சில்லு வண்டியைச் சீர்செய்தல் என்பதன் முழுப்பொருளும் உழைப்பவனுடைய சுமையைக் குறைத்து, வாளாவிருக்கும் பின்சில்லுகளையும் வேலைக்குச் சேர்த்தலேயாம்.

கணக்கினாற் காண்போம்

எடுத்துக்காட்டாக 2006 முதல் 2011 வரை அமெரிக்காவில் விற்கப்பட்ட ஹொண்டா சிவிக் எஸ்.ஐ. வண்டியைக் கொள்வோம். 2 லீற்றர் எஞ்சின், 197 பரிவலு, ஆறு கியர், முன்சில்லுகளிடையே வழுக்கலை மட்டுப்படுத்தும் டிபரன்சியல் ஆகியன அதன் உறுப்புக்கள். அன்றாடம் ஓடவும் வார இறுதியிற் போட்டியிடவும் பலர் அதனை வைத்திருக்கின்றனர். கணக்கை எளிதாக்கும் பொருட்டு நிறை 1300 கிலோகிராம் எனவும், முன்பின் அச்சுக்களிடைத் தூரம் 2.65 மீற்றர் எனவும், இடவலச் சில்லுகளிடைத் தூரம் 1.5 மீற்றர் எனவும், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.5 மீற்றர் எனவும், முன்னச்சின் பங்கு நூற்றுக்கு 60 எனவும் வைத்துக்கொள்வோம்.

வண்டி நிற்குங்கால் முன்னச்சில் 780 கிலோகிராமும் பின்னச்சில் 520 கிலோகிராமும் சுமையாக இருக்கும். பிரேக்கை மிதித்துப் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.8 பங்கு அமர்முடுகலோடு வேகங் குறைத்தால், 1300 ஐ 0.8 ஆலும் 0.5 ஆலும் பெருக்கி 2.65 ஆற் பிரிக்க, ஏறக்குறைய 196 கிலோகிராம் பின்னிருந்து முன்னே மாறும். அப்போது முன்னே 976, பின்னே 324. மாறாக 0.4 பங்கு ஆர்முடுகலோடு முன்னே பாய்ந்தால், 98 கிலோகிராம் பின்னே போகும். முன்னச்சில் 682 மட்டுமே எஞ்சும். இழுக்க வேண்டிய வேளையிலே இழுக்குஞ் சில்லின் சுமை குறைகின்றது. வளைவிலிருந்து வெளியேறுகையில் முன்சில்லு வீணே சுழலுதற்குக் காரணம் இஃதே.

இனி, 0.9 பங்கு பக்க ஆர்முடுகலோடு வளையும்போது 1300 ஐ 0.9 ஆலும் 0.5 ஆலும் பெருக்கி 1.5 ஆற் பிரித்தால் 390 கிலோகிராம் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்திற்கு மாறும் எனக் காண்கின்றோம். இம்மாற்றத்தை முன்னச்சும் பின்னச்சும் எவ்வளவு எவ்வளவாகப் பங்கிட்டுக் கொள்கின்றன என்பதே முக்கியமான வினா. முன்னச்சு நூற்றுக்கு 60 ஐ ஏற்றால் முன் உட்சில்லில் 156 கிலோகிராமே நிற்கும். வெளிச்சில்லில் 624 ஏறும். பின்னச்சை விறைப்பாக்கி முன்னதன் பங்கை 45 ஆகக் குறைத்தால், முன் உட்சில்லில் ஏறத்தாழ 214, வெளிச்சில்லில் 566 எனச் சுமை சமப்படும். பின் உட்சில்லில் அப்போது 46 கிலோகிராம் அளவே எஞ்சும். முன்சில்லு வண்டிகள் வளைவிலே பின் உட்சில்லைத் தூக்கி மூன்று சில்லில் ஓடும் காட்சியின் உட்பொருள் இது.

சுமை சமப்பட்டால் நன்மை என்னை? ரயரின் பிடிப்பு சுமையோடு கூடுமாயினும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. சுமை இருமடங்கானாற் பிடிப்பு இருமடங்கிற்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆகவே ஒரு சில்லை அழுத்தி மற்றதை வறிதாக்குவதினும் இரண்டையும் ஒப்பச் சுமக்கச் செய்தலே அச்சோடியின் மொத்தப் பிடிப்பை மிகுவிக்கும்.

முதற் செலவு ரயருக்கே

எஞ்சினுக்கு வலுவேற்றலே முதல் வேலை என எண்ணுவார் பலர். 15 மீற்றர் ஆரையுள்ள வளைவிற் பிடிப்பு 0.9 எனின் மிகுந்த வேகம் மணிக்கு 41 கிலோமீற்றர் அளவு, பிடிப்பு 1.0 எனின் ஏறக்குறைய 44 கிலோமீற்றர். பார்வைக்குச் சிறிதே. ஆயின் இப்பாதையில் நேர்கோடு குறைவு; வளைதலும் நிறுத்தலும் பாய்தலும் யாவும் பிடிப்பினாலேயே நிகழ்வன. முழுப் பாதையும் பிடிப்பினால் எல்லைப்பட்டதென்று கொண்டால், 60 வினாடி ஓட்டத்தில் இவ்வேறுபாடு ஏறக்குறைய 3 வினாடியாகும். நூறில் ஒரு பங்கு வினாடியால் வெற்றி தோல்வி தீர்மானமாகும் போட்டியில் 3 வினாடி என்பது மலையளவு. கூட்டிய பரிவலுவோ, முன்சில்லை மேலுஞ் சுழலச் செய்து புகையாய்ப் போதல் கூடும்.

அமெரிக்கக் கழகத்தின் தெரு வகுப்பில், தேய்வுத்தர எண் 200 இற்குக் குறையாத ரயர்களையே அனுமதிப்பர். இவை மிருதுவான றப்பராலும் ஆழங் குறைந்த தவாளிப்பாலும் ஆனவை. காய்ந்த தரையிலே கவ்விப் பிடிக்கும். குளிர்காலத்தில் இறுகிவிடும், தேங்கிய மழைநீரில் மிதந்து வழுக்கும். ஆதலின் இயன்றவர் போட்டி ரயர்களை வேறு சில்லுகளிற் பூட்டி வைத்து, அன்றாட ரயரோடு போட்டித் திடலுக்குச் சென்று அங்கே மாற்றிக்கொள்ளுதல் நன்று. ரயரும் தேயாது, மழையில் உயிரும் பிழைக்கும்.

காற்றமுக்கத்தை அறிய மலிவான கருவி வெண்கட்டியே. ரயரின் தோளிற் சில கோடுகளை வெண்கட்டியாற் கீறி ஓடிவந்து பார்த்தால், எதுவரை அழிந்திருக்கின்றதோ அதுவரை ரயர் புரண்டிருக்கின்றது. தோளைக் கடந்து பக்கச்சுவர்வரை அழிந்தாற் காற்றுக் குறைவு. தோளையே தொடாவிட்டாற் காற்று மிகுதி. ஓட்டத்திற்கோட்டம் ரயர் சூடேற அமுக்கமும் ஏறும். ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துக்கொள்ளுதல் வேண்டும். வீடு திரும்புமுன் உற்பத்தியாளர் விதித்த அமுக்கத்திற்கு மீட்டல் மறவற்க.

சில்லின் சாய்வு

வளைவில் வண்டி வெளிப்புறஞ் சாயும்போது வெளிச்சில்லும் சாய்ந்து தன் விளிம்பில் ஓடும். முன்னரே அதன் மேற்புறத்தைச் சிறிது உட்சாய்த்து வைத்தால், வளைவில் ரயர் தரையோடு செவ்வனே பொருந்தும். கேம்பர் எனப்படும் இச்சாய்வு 2 முதல் 3 பாகைவரை முன்சில்லுக்கு நலந்தரும். மக்பேர்சன் தாங்கியுள்ள வண்டிகளில் இது சிறப்பாக வேண்டப்படுவது. சிவிக்கின் முன்புறம் அத்தகையதே.

சில்லுகளின் முன்முனைகள் உட்கூடி நிற்றலும் வெளிவிரிந்து நிற்றலும் வேறு. பின்சில்லுகளைச் சிறிது வெளிவிரித்தால் வண்டி விரைந்து திரும்பும். ஆனாற் போட்டித் திடலில் நலமாகும் அதுவே, மழை பெய்யும் நெடுஞ்சாலையில் அஞ்சி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் பின்புறத்தைப் பக்கமாக வீசிவிடும். ரயரைத் தேய்ப்பதும் சாய்வைக்காட்டில் இதுவே மிகுதி. அன்றாட வண்டியிற் பின்சில்லுகளை நேராகவோ சற்று உட்கூடியோ வைத்தலே அறிவுடைமை.

அதிர்வடக்கியும் பின்கோலும்

வண்டி சாய்தலைத் தடுக்கும் உருக்குக் கோலை அன்ரிறோல் பார் என்பர். தெரு வகுப்பில் முன்கோல் பின்கோல் இரண்டனுள் ஒன்றை மாற்றலாம். முன்சில்லு வண்டியுடையார் பின்கோலையே தடித்ததாக்குவர். மேலே கணக்கிற் காட்டிய சுமைப் பங்கீடு இதனால் விளைவதே.

ஷொக் அப்சோபர் என வழங்கும் அதிர்வடக்கி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சுமை எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதை ஆள்வது. கூம்புகளை இடமும் வலமுமாகச் சுற்றி ஓடுகையில் வண்டி ஒருபோதும் நிலைபெறாது. ஆதலின் நல்ல அதிர்வடக்கி பெரிதும் உதவும். திருகித் தளர்த்தவும் இறுக்கவும் கூடியதை வாங்கினால் வார நாளிலே தளர்த்தி ஓடலாம்.

வில்லை வெட்டி வண்டியைத் தாழ்த்துதல் இளைஞர்க்கு மிக விருப்பமான செயல். புவியீர்ப்பு மையம் தாழ்வது மெய்யே. ஆயின் மக்பேர்சன் தாங்கியுள்ள வண்டியைத் தாழ்த்தினால், அது சாயுங்கால் எப்புள்ளியைப் பற்றிச் சாய்கின்றதோ அப்புள்ளி புவியீர்ப்பு மையத்தினும் விரைவாகக் கீழிறங்கும். இரண்டிற்கும் இடைத்தூரம் கூட, வண்டி முன்னினும் மிகுதியாகச் சாய முற்படும். வில் அசையும் இடமுங் குறைந்து அடியில் மோதும். அழகுக்காகச் செய்தது அழிவாய் முடியும். மேலும் வில்லை மாற்றியவுடன் தெரு வகுப்பினின்றும் நீங்கி, பெருஞ்செலவு செய்தாரோடு வேறு வகுப்பிற் போட்டியிட நேரும். எதனை வாங்குமுன்னும் அவ்வாண்டு விதிநூலைப் படித்தல் முதற்கடன்.

பிரேக்கு

பந்தயப் பாதைக்குரிய பிரேக்குக் கட்டைகள் சூடேறிய பின்னரே பிடிப்பவை. ஒரு நிமிட ஓட்டத்தில் அவ்வளவு சூடு பிறவாது. காலை வேளையில், பாடசாலைக் கடவையில், குளிர்ந்த நிலையில் அவை பிடியா. எனவே குளிரிலும் பிடிக்குந் தெருக்கட்டைகளே தக்கன. பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும். இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுதல், போட்டியிடார்க்கும் உரிய அறிவுரை.

சாரதி

இவையாவற்றினும் மிகுந்த பயன் தருவது சாரதியைத் திருத்தலே. ரயரின் பிடிப்பை ஒரு வட்டமாக எண்ணுக. அதன் ஆரை 1 எனின், திருப்புதற்கு 0.9 பங்கைச் செலவிட்ட பின் இழுப்பதற்கு எஞ்சுவது 0.1 அன்று, பைதகரசின் தேற்றப்படி 1 இலிருந்து 0.81 ஐக் கழித்து வர்க்கமூலங் காண ஏறக்குறைய 0.44 ஆகும். திருப்புதற்கே முழு 1 ஐயுஞ் செலவிட்டால் எஞ்சுவது யாதுமில்லை. இதனாற் பெறப்படுவது யாது? ஸ்ரியரிங்கைச் சிறிது நேராக்கினாலே இழுக்கும் ஆற்றல் பெரிதும் மீளும் என்பது. முன்சில்லு வழுவும்போது மேலும் மேலுந் திருப்புவது கற்றுக்குட்டியின் இயல்பு. சிறிது விட்டுக்கொடுத்துப் பிடிப்பை மீட்பது கற்றவன் இயல்பு. வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்து, கண்ணை அடுத்த கூம்பில் வையாது அதற்கப்பாலுள்ள கூம்புகளில் வைத்து, வளைவு விரிந்தபின் வலுவைக் கொடுத்தல் வேண்டும். அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் இருத்தி ஓடும் ஒருநாட் பயிற்சி, விலையுயர்ந்த பல உறுப்புக்களினும் மேலானது.

திங்கட்கிழமைச் சோதனை

அன்றாட வண்டியை மாற்றுவார் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: திங்கட்கிழமை காலையில், மழையில், இம்மாற்றத்தை அறியாத மனைவியோ தந்தையோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இவ்வண்டியை ஓட்டினால் அது பிழையின்றி நடக்குமா? ஆம் எனில் மாற்றுக. அன்று எனில், ஞாயிறு மாலையே மீளத் திருப்பத்தக்க மாற்றமாக இருத்தல் வேண்டும். அதுவும் இயலாதெனின் விடுக. நிரந்தரமாகப் பின்புறம் வழுவத்தக்க வண்டியைப் பழகாத கையிலே கொடுப்பது, கூர்வாளைத் தொட்டிலில் வைப்பதை ஒக்கும்.

போட்டிக்குச் செல்லுமுன் வண்டியினுள் அசையும் பொருள் யாவற்றையும், சாரதியின் காலடி விரிப்பையுங்கூட, நீக்குக. மின்கலம் இறுகக் கட்டப்பட்டுளதா எனவும், சில்லின் நட்டுக்கள் முறுக்கமளக்கும் ஸ்பனரால் உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு இறுக்கப்பட்டுளவா எனவும் பார்க்க. திரும்புமுன் நட்டுக்களை மீண்டும் சோதித்து, முன் ரயரின் வெளித்தோளிற் கம்பியோ நூலோ வெளிப்பட்டுளதா எனக் கையாலே தடவிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் வெளிப்பட்ட ரயரோடு வீடு திரும்புதல் ஆகாது. காப்புறுதிப் பத்திரங்கள் பல போட்டியில் நேருஞ் சேதத்தை ஏற்பதில்லை, அதனையும் வாசித்தறிக.

முடிவாக ஒழுங்கொன்று கூறுவோம். முதலாண்டு தலைக்கவசமும், பழுதற்ற பிரேக்கும், உள்ள ரயரும், பயிற்சியும் போதும். இரண்டாமாண்டு நல்ல ரயரும் சில்லின் சாய்வும். மூன்றாமாண்டு அதிர்வடக்கியும் பின்கோலும். எஞ்சினைப் பற்றி அதன்பின் எண்ணலாம். பெரும்பாலார்க்கு அவ்வெண்ணமே அதற்குள் அகன்றுவிடும். ஓராண்டு கூம்புகளிடையே ஓடிய இளைஞன் பொதுத் தெருவிலே மெல்லச் செல்வதைக் காணலாம். தன் வண்டி எங்கே வழுவும் என்பதை அறிந்தவனுக்கு அதனைத் தெருவிலே சோதிக்கும் ஆசை எழுவதில்லை. அவ்வறிவு அவனுக்கு மட்டுமன்றி, அத்தெருவில் நடந்து செல்லும் எல்லார்க்கும் காப்பாகும்.